கறுப்புப் படலம் மஞ்சளாகாமல் நின்ற கதை

பெரோவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்புள்ள பொருளின் மெல்லிய படலத்தால் ஒளியை உள்வாங்கும் சூரிய மின்கலத்தைச் செய்ய முனைபவர்களுக்குக் கரைசல் தயாரிப்பும், அதைச் சுழலும் தகட்டில் பரப்பிப் படலமாக்கும் ஸ்பின் கோட்டிங்கும் தெரிந்தவைதாம் என்பதால், எங்களை உண்மையில் அலைக்கழித்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதல் தொல்லை, படலத்தின் மூலப்பொருளான ஈய அயோடைடு. வெளிநாட்டிலிருந்து தருவித்த 99.99 விழுக்காடு தூய்மையுள்ள புட்டி சுங்கத்தில் முடங்கியது. பாதுகாப்புத் தரவுத் தாளைக் கொடுத்தால் இறுதிப் பயன்பாட்டுச் சான்று எங்கே என்றார்கள். அதையும் கொண்டுபோனபோது, துறைத் தலைவரின் கையொப்பம் போதாது, பதிவாளரின் முத்திரையும் வேண்டும் என்று எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டார். தேவையானவற்றை முதல் நாளே ஒருசேரச் சொல்லியிருந்தால் அத்தனை அலைச்சல் இருந்திருக்காது என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மஞ்சள்: ஒளியை நன்கு உள்வாங்கும் கறுப்புப் படலம், மின்கலத்துக்கு உதவாத மஞ்சள் வடிவத்துக்கு மாறிவிடுவது. படலத்தில் சேரும் கரிம அயனிகளுள், மெத்திலம்மோனியத்தைவிட வெப்பத்தை நன்கு தாங்கும் என்பதால் ஃபார்மமிடினியத்தைத் தேர்ந்தோம். ஆனால் அந்தக் கரிம அயனி, ஈயமும் அயோடினும் சேர்ந்து கட்டும் கூட்டுக்குச் சற்றே பெரிது. ஹாட் பிளேட்டில் 150 டிகிரி செல்சியஸில் பளபளவென்று கறுத்திருந்த படலம், அறைக் காற்றில் வைத்ததும் ஓரத்தில் மஞ்சள் பூத்து, மறுநாளைக்குள் முழுவதும் மாறிவிடும். கடற்கரை ஊரின் ஈரக்காற்று அதை இன்னும் விரைவுபடுத்தியது. அளவில் சிறிய சீசியம் அயனியையும் சிறிது புரோமைடையும் சேர்த்த பிறகே கறுப்பு நிலைத்தது.

அப்போதும், ஒரே கரைசலில் ஒரே நாளில் செய்தவற்றுள் முதலில் வந்தவை தெளிவாகவும் பின்னவை மங்கலாகவும் இருந்தன. நாங்கள் வேலை செய்யும் காற்றுப்புகாத பெட்டியான குளோவ் பாக்ஸின் ஈரப்பத அளவி 1 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு) கீழேயே காட்டியதால், பெட்டிக்குள் தேங்கும் டி.எம்.எஃப். என்னும் கரைப்பானின் ஆவியை யாரும் சந்தேகிக்கவில்லை. இடையிடையே நைட்ரஜனைச் செலுத்தி அந்த ஆவியை வெளியேற்றியதும் எல்லாப் படலங்களும் ஒன்றுபோல் வந்தன. மெத்திலம்மோனியம், ஃபார்மமிடினியம் இரண்டையும் கலப்பவர்கள் பழைய கரைசலைத் தொடவே வேண்டாம். நாள்பட்டால் அவை தமக்குள் வினைபுரிந்துவிடும்.

ஒளியை மின்சாரமாக்கும் திறனில், 2009இல் ஜப்பானிய ஆய்வாளர் மியாசாகாவின் குழு 3.8 விழுக்காட்டில் தொடங்கியது இன்று 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. எங்கள் மின்கலம் அந்த உயரத்தை எட்டவில்லை என்றாலும், மழைக்காலம் முழுவதும் திறந்த அலமாரியில் கறுப்பாகவே நின்றது எங்களுக்குப் பெரிய நிறைவு. திறனை அளக்கும்போது மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் இருமுறை அளந்து, வேறுபடக்கூடிய அந்த இரண்டு எண்களையும் குறித்துவையுங்கள். பெரியதை மட்டும் எழுதினால் அடுத்து அதைச் செய்து பார்ப்பவர்தான் அவதிப்படுவார்.