நடுவில் நின்ற வணிகர்

போடிநாயக்கனூர் ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதிப் பழகிய நான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுத் தரகரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். யூதத் தெருவில் இருந்த மிளகு வணிகக் கூடத்தில் விலை கூவப்படும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் கிடங்குகளில்தான் கழியும். மூட்டையில் குத்தூசியைச் செருகிச் சாம்பிள் எடுப்பதும், ஒரு லிட்டர் படியில் அதைக் கொட்டிக் கோலால் வழித்துவிட்டு, எடை 550 கிராமுக்குக் குறையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. உணவு இடைவேளையில், தெருக்கோடியில் இருந்த, வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியதால் ‘பரதேசி’ எனப்பட்ட யூதர்களின் ஜெப ஆலயத்துக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவேன். 1568இல் கட்டப்பட்ட அந்த ஆலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால், கையால் நீல வண்ணம் தீட்டிய வெள்ளைச் சீன ஓடுகள் குளிர்ச்சியாக வரவேற்கும். ஒன்றில் இருக்கும் சித்திரம் அப்படியே இன்னொன்றில் இருக்காது என்பார்கள். கான்டன் நகரிலிருந்து 1762இல் அவற்றை வரவழைத்துப் பதித்தவர் எசக்கியேல் ரஹபி என்று அறிந்ததும் எனக்கு அவர்மேல் ஈடுபாடு பிறந்தது; அவரும் மிளகு வணிகர் என்பதே காரணம்.

சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து 1646இல் கொச்சிக்கு வந்த குடும்பம் அவருடையது. 1694இல் பிறந்த எசக்கியேல், தந்தை தாவீதுக்குப் பிறகு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராகி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தப் பணியில் இருந்தார். கம்பெனி மிளகு கொள்முதல் செய்வதும், கப்பலில் வந்திறங்கிய சரக்கை விற்பதும் பெரும்பாலும் அவர் கைவழியே நடந்தன. ஆனால் வெறும் கொடுக்கல் வாங்கலோடு அவர் வேலை முடியவில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலில் 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்ற டச்சுக்காரர்கள், மிளகுக்கு அவரையே நம்பியிருக்க வேண்டிய நிலை வந்தபோது, தங்கள் சார்பில் பேச ரஹபியை அனுப்பினார்கள். அந்தப் பேச்சு 1753ஆம் ஆண்டின் மாவேலிக்கரை உடன்படிக்கையில் முடிந்தது. போரில் தோற்றவர் சார்பில் வென்றவரிடம் போய் உட்கார்ந்து விலை பேசுவது எத்தனை கடினம் என்பது, சிறிய அளவிலாவது தரகு செய்தவர்களுக்கு விளங்கும்.

எனக்கு அது விளங்கியது ஒரு மழைக்காலத்தில். நான் சாம்பிள் பார்த்துத் தேர்ந்த ஒரு லோடில், மேல் மூட்டைகள் நன்றாகக் காய்ந்திருந்தன. அடி மூட்டைகளில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. நான் அடிவரிசைக்குக் குனிந்து குத்தூசி போடவில்லை. வாங்கியவர் சரக்கைத் திருப்பினார், விற்றவர் பொறுப்பேற்க மறுத்தார். இருவருக்கும் இடையே இரண்டு நாள் அலைந்த என் முதலாளி, இறுதியில் நட்டத்தைத் தம் பணத்திலிருந்து ஈடுகட்டினார். தரகுக்காரர் சரக்குக்குச் சொந்தக்காரர் அல்லவே என்று நான் தயங்கிக் கேட்டபோது, "அவங்க ரெண்டு பேரும் மிளகை நம்பி வரலே தம்பி, நம்மை நம்பி வந்தாங்க" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை ஆலயத்து ஓடுகளின் மேல் நின்றபோது, ரஹபியின் ஐம்பது ஆண்டுகளில் இப்படிப்பட்ட நாட்கள் எத்தனை வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ரஹபி கொச்சி யூதச் சமூகத்துக்குத் தலைவரானதும் இந்த நம்பிக்கையால்தான் என்று நான் கருதுகிறேன். 1760இல் ஆலயத்துக்கு எழுப்பிய மணிக்கூண்டில் எபிரேய, ரோம, மலையாள எண்களைத் தனித்தனி முகங்களில் பொறிக்கச் செய்தார். நெதர்லாந்தின் ஹேக் நகரத்து யூத வங்கியாளர் தோபியாஸ் போவாசுக்கு 1768இல் எழுதிய கடிதத்தில் கொச்சி யூதர்களின் வரலாற்றை அக்கறையோடு எடுத்துரைத்தார். அந்த வரலாற்றின் மூல ஆவணமான செப்பேடு, சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளை வழங்கியதைச் சொல்வது. அது தமிழின் பழைய எழுத்துமுறையான வட்டெழுத்தில் இருப்பதை முதன்முதலாகப் படத்தில் பார்த்தபோது, சொந்த ஊர்க்காரரைச் சந்தித்ததுபோல் இருந்தது.

ஒரு வருத்தத்தையும் மறைக்கக் கூடாது. யூதர்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்த யூதர்களுக்கு அந்த ஆலயத்தில் சமஇடம் பல தலைமுறைகளுக்குக் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் காந்திய வழியில் போராடித்தான் அதை மாற்ற வேண்டியிருந்தது. மன்னருக்கும் கம்பெனிக்கும் இடையே அத்தனை நியாயம் பேசிய தலைமைக் குடும்பங்கள், தம் வாசலில் இருந்த இந்த வழக்கைத் தீர்க்காமல் விட்டதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை.

ரஹபி 1771இல் காலமானார். மகன்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள். 1795இல் கொச்சிக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைகளாக யாருக்காக விலை பேசியதோ, அந்த டச்சுக் கம்பெனிக்கு அதன்பின் மலபார் மிளகில் வேலையே இல்லாமல் போயிற்று.