மூன்று ஷிப்டுக்கு நடுவே பேசிக்கொள்ள

கவுன்சலிங் போய்வந்தோம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அடுத்த கேள்வி "ஏன், டைவர்ஸா?" என்பதுதான். டைவர்ஸ் எல்லாம் இல்லை. ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டேதான் போனோம். அங்கே என்ன செய்யச் சொன்னார்கள், அதில் வீட்டுக்கு வந்த பிறகு எது எடுபட்டது என்பதை இங்கே எழுதுகிறேன். எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

நாங்கள் கிருஷ்ணகிரிக்காரர்கள். நான் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை, சுமார் 50 கிலோமீட்டர், கம்பெனி பஸ். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. காலை ஷிப்ட் என்றால் நாலரைக்கே கிளம்பிவிடுவார். மதிய ஷிப்டில் நள்ளிரவு நெருங்கித்தான் வீடு திரும்புவார். இரவு ஷிப்ட் வாரத்தில் நான் பள்ளிக்குச் செருப்பு மாட்டும்போது அவர் செருப்பைக் கழற்றுவார். பேச்சு என்றால் "கேஸ் புக் பண்ணியாச்சா", "பாப்பா ஃபீஸ் எப்ப கடைசி நாள்" அவ்வளவுதான். சின்னக் கோபம் வந்துவிட்டால் அதுவும் பாப்பா வழியாகத்தான். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "பசிக்கலைன்னு அம்மாகிட்ட சொல்லு." இரண்டு பேரும் ஒரே ஹாலில்தான் இருப்போம்.

இப்படியே வண்டி ஓடியிருக்கும். நடுவில் தோப்பு வந்தது.

காவேரிப்பட்டணம் பக்கம் மாமனார் விட்டுப்போன மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா ரக மரங்கள். பூப்பிடிக்கும் சமயத்தில், தை மாசி வாக்கில், வியாபாரி வந்து மரங்களைச் சுற்றிப் பார்த்து மொத்தமாக ஒரு விலை பேசுவார். அட்வான்ஸ் கை மாறும். மருந்தடிப்பு, காவல், பறிப்பு எல்லாம் அதன்பிறகு அவர் பாடு. வழக்கமாக ஒரு வருஷத்துக்குத்தான் இப்படிக் குத்தகைக்கு விடுவோம். பணம் அவசரம் என்றால் இரண்டு மூன்று வருஷம் சேர்த்து விடுகிறவர்களும் உண்டு. அப்புறம் விலை ஏறினாலும் நமக்கு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கு விட்டு, அட்வான்ஸைக் கொழுந்தனார் கடனுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அது தெரிந்தது வியாபாரி வாசலில் வந்து நின்று, "ஏம்மா, மோட்டார் ரூம் சாவி குடுங்க" என்றபோது. அத்தைக்குத் தெரியும், கொழுந்தனாருக்குத் தெரியும், வியாபாரிக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும் என்பதில் என் எண்ணம் இன்றைக்கும் மாறவில்லை.

அதோடு பேச்சு நின்றது. வழக்கப்படி பெரியவர்கள் கூடினார்கள், அவர் பெரியப்பா, என் தாய்மாமா, இன்னும் இரண்டு பேர். காபி குடித்தார்கள். "ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க" என்று எழுந்தார்கள். பெரியவர்கள் பேச்சு எதற்குமே உதவாது என்று சொல்ல மாட்டேன். சொத்துப் பிரச்சினையில் உதவும். புருஷன் பொண்டாட்டி எப்படிப் பேசிக்கொள்வது என்று அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் 14416க்குப் போன் போட்டேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம். எடுத்த பெண் பாதியில் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, இது தம்பதியாக உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம், நேரில் ஆலோசகரைப் பாருங்கள் என்றார். மாவட்டத்தின் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே கேட்கலாம் என்றும் சொன்னார். காசு செலவில்லாத வழி அதுதான். ஆனால் ஓபி வரிசையில் யாராவது "வணக்கம் மிஸ்" என்று வந்து நிற்பார்களே என்ற பயத்தில் நாங்கள் தர்மபுரியில் ஒரு ஆலோசகரைத் தேடிப் போனோம். வெளியூரில் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அந்த ஆலோசகர் அம்மாவே சொன்னார்.

வீட்டுக்காரரைக் கூட்டிப்போனது தனிக் கதை. "நான் போறேன். நீங்க வந்தா உங்க பக்கத்தை நீங்களே சொல்லலாம். வரலைன்னா நான் சொல்றதுதான் அங்க நிக்கும்" என்றேன். லீவு போட்டுவிட்டார்.

முதலில் ஆலோசகர் எங்களைத் தனித்தனியாகக் கேட்டார். அடுத்து சேர்த்து உட்காரவைத்தபோது தோப்புப் பேச்சே கூடாது என்று நிபந்தனை. முறை எளிது. பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் பேசவேண்டும், ஒரு நேரத்தில் இரண்டு மூன்று வாக்கியம். மற்றவர் பதில் சொல்லக்கூடாது; கேட்டதைத் திருப்பிச் சொல்லி "சரியா?" என்று கேட்கவேண்டும். சரி என்று வந்த பிறகுதான் பேனா கை மாறும்.

வீட்டுக்காரர் சொன்னார்: "வீட்டுக்குள்ள வந்ததுமே கணக்குக் கேக்கற மாதிரி இருக்கு. கேட்டைத் திறக்கும்போதே பயமா இருக்கு."

"நான் என்ன சும்மாவா கேக்கறேன்..."

"அது பதில்" என்றார் ஆலோசகர். "அவர் சொன்னதை மட்டும் சொல்லுங்க."

"நான் எப்பவும் சண்டை போடறேன்னு சொல்றாரு."

"அப்படிச் சொல்லலையே."

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வார்த்தையை அப்படியே சொன்னேன். "ம்" என்றார். "ம் போதாது, சரியா இல்லையா?" "சரி."

அவர் பயப்படுவார் என்றே எனக்குத் தெரியாது. என் முறை வந்தபோது அவர் "சொல்லலைன்னு கோவம்" என்று சுருக்கப் பார்த்தார். கோபம் இல்லை, வியாபாரி முன்னால் ஒன்றும் தெரியாதவளாக நின்றேன் என்று நான் சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்லவைக்க வெகுநேரம் ஆனது. திரும்பும்போது தொப்பூர் கணவாய் வரை நடந்து போய்வந்தவர்கள் போல இரண்டு பேருக்கும் களைப்பு. பஸ்ஸில் பேசவே இல்லை.

இன்னொரு விதி எங்களுக்கென்றே வந்தது. எங்கள் மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். அவர் வீட்டில் தெலுங்கு. கோபம் தலைக்கேறினால் அவர் தெலுங்குக்குப் போய்விடுவார். எனக்குப் பாதிதான் விளங்கும், அடுத்த அறையில் அத்தைக்கு முழுசாக விளங்கும். சண்டை தமிழில் மட்டும் என்று முடிவானது.

பிறகு இருபது நிமிஷக் கணக்கு. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் சியாட்டிலில் தம்பதிகளைப் பேசவிட்டு அவர்கள் இதயத் துடிப்பை அளந்து பார்த்தவர். துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, அடங்கக் குறைந்தது 20 நிமிஷமாவது வேண்டும் என்கிறார். அதனால் எழுந்து போகலாம், ஆனால் "எட்டரைக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். முன்பெல்லாம் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. என் படபடப்பில் பாதி அதனால்தான். அதே காட்மன், தம்பதிகளின் சச்சரவுகளில் 69 சதவீதம் கடைசிவரை தீராதவை, தீர்க்காமலே சேர்ந்து வாழ்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். கணக்கு டீச்சர் எனக்கு இது பெரிய நிம்மதி.

வீட்டில் பேனா எடுபடவில்லை; கையில் எடுத்தாலே சிரிப்பு வந்துவிட்டது. தினம் ஒரு பாராட்டு என்று கொடுத்த பயிற்சியும் அப்படியே. ரசம் வைத்த அன்றைக்கு "சாம்பார் நல்லாருக்கு" என்றார். நிலைத்தது பேச நேரம் ஒதுக்குவதுதான். ஷிப்டுக்குத் தகுந்தபடி அந்த வாரத்துக்கு ஒரு அரைமணி நேரத்தைத் தினக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுவோம். இடம் மொட்டைமாடி, அத்தைக்கு முட்டிவலி, படி ஏற மாட்டார். போன் கீழே இருக்கும். ஐயாயிரத்துக்கு மேல் போகிற எந்தக் காசும் முதலில் மாடிக்கு வரவேண்டும். பாப்பாவுக்கு ஆலோசகர் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று, தூது சொல்லாதே. இப்போது "நீங்களே சொல்லிக்குங்க" என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அடி, மிரட்டல், பயந்து வாழ்வது இருக்கிற வீட்டுக்கு இந்தத் திருப்பிச் சொல்லும் முறை சரிப்படாது. அங்கே முதலில் பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிடவேண்டும். சகி ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். விஷயம் கோர்ட் வரை போய்விட்டாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

தனியார் ஆலோசகர் என்றால் போனிலேயே கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் வரவே மாட்டேன் என்றாலும் தனியாகப் போகலாம்.

இப்போது மாடியில் ஓடும் பேச்சு, குத்தகை முடிகிற தோப்பை என்ன செய்வது என்பது. நாமே பறித்து மண்டிக்கு ஏற்றலாம் என்கிறேன் நான். பெங்களூரா கூழ் பேக்டரிக்குப் போகிற பழம், காய்ப்பு அதிகமான வருஷத்தில் விலை சரியும், பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் நம் தலையில் விழும் என்கிறார் அவர். அதுவும் நியாயம்தான். வியாபாரி இரண்டு தடவை போன் போட்டுவிட்டார். பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.