காரணத்தைப் பிடித்தால் அறிகுறி தானாக வரும்: மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் படிப்பவர்களுக்கு

பி.எஸ்சி. நர்சிங்கில் அதிகம் பேர் அரியர் வைக்கிற பாடம் எது என்று கேட்டால், எங்கள் பேட்சில் எல்லோரும் மெடிக்கல் சர்ஜிக்கல் என்றுதான் சொல்வார்கள். புதிய செமஸ்டர் முறையில் அடல்ட் ஹெல்த் நர்சிங் என்று பெயர் மாறியிருக்கிறது. சரக்கு அதேதான். நோய்களின் எண்ணிக்கையைப் பார்த்து மிரண்டுவிடுகிறோம். ஆனால் எந்த நோயைக் கேட்டாலும் கேள்வியின் எலும்புக்கூடு ஒன்றே: டெஃபனிஷன், காரணங்கள், பேத்தோஃபிசியாலஜி (நோயால் உடம்புக்குள் எது, எப்படிக் கெடுகிறது என்பது), அறிகுறிகள், பரிசோதனைகள், நர்சிங் மேனேஜ்மென்ட்.

இதில் பெரும்பாலானவர்கள் பேத்தோஃபிசியாலஜியைத் தாண்டிப் போய், காரணத்தை ஒரு பட்டியலாகவும் அறிகுறியை இன்னொரு பட்டியலாகவும் மனப்பாடம் செய்கிறார்கள். உள்ளதிலேயே கஷ்டமான வழி அதுதான். காரணத்தையும் அறிகுறியையும் சேர்த்துக் கட்டுவதே நடுவில் இருக்கும் அந்தப் பகுதி. உடம்பில் எது கெட்டுப்போனது என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி அறிகுறிகளை நாமே எழுதிவிடலாம்.

சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் சுரக்கவில்லை, அல்லது சுரந்தும் செல்கள் அதை மதிக்கவில்லை. முதலாவது டைப் 1: உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இரண்டாவது டைப் 2: பரம்பரை, உடல் பருமன், உடலுழைப்பு இல்லாமை எல்லாம் சேர்ந்து வருவது. எப்படி வந்தாலும் குளுக்கோஸ் ரத்தத்திலேயே தங்குகிறது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராம் வரை சிறுநீரகம் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம். ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தும் செல்லுக்குள் போகாததால் பசி. பசியைத் தீர்க்க உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைப்பதால் எடை குறைகிறது. கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைந்தால் கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகிறது. அந்த அமிலத்தை வெளியேற்றத்தான் ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குகிறது. மூச்சில் பழ வாசனை வருகிறது. பாலியூரியா, பாலிடிப்சியா, பாலிஃபேஜியா, எடைக் குறைவு, குஸ்மால் மூச்சு என ஐந்து அறிகுறிகள் ஒரே கயிற்றில் வந்துவிட்டன. வரிசை மாறாது, மறக்கவும் மறக்காது.

இதையே வார்டில் கேட்டுப் பாருங்கள். எந்த நோயாளியும் பாலியூரியா என்று சொல்லப்போவதில்லை. "யூரின் போன இடத்துல எறும்பு மொய்க்குதும்மா" என்பார். "நாக்கு ஒட்டிக்குது" என்பார். எனக்குப் பாடத்தை மனதில் உறைய வைத்தது ஒரு பெரியவர் சொன்ன வரி: "செருப்பு கழண்டதே தெரியல சிஸ்டர், பின்னாடி வந்த ஆளு எடுத்துக் குடுத்தான்." பெரிஃபெரல் நியூரோபதிக்கு (கை கால் நரம்புகள் மழுங்கிப்போவது) இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. காலில் உணர்ச்சி இல்லை. ஆகவே முள் குத்தினாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் ஆறாது. ஃபுட் கேர் பற்றி எழுத வேண்டிய பாதி பதில் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

ஹார்ட் ஃபெயிலியரில் எல்லோரும் குழம்புவது இடது, வலது பிரிவில். இங்கே அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரத்தம் எந்தப் பக்கம் தேங்கும் என்று மட்டும் யோசியுங்கள். இடது பக்கம் பம்ப் செய்யவில்லை என்றால் ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். அதனால் மூச்சுத் திணறல், படுத்தால் அதிகமாவது, நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, முற்றினால் இளஞ்சிவப்பு நுரையோடு சளி. வலது பக்கம் சோர்ந்தால் உடம்பு முழுவதிலிருந்தும் வரும் ரத்தம் தேங்கும். அதனால் கால் வீக்கம், கழுத்து ரத்தக் குழாய் புடைப்பது, கல்லீரல் பெருப்பது, வயிற்றில் நீர் சேர்வது, சாப்பாடு இறங்காமல் போவது. வலது பக்கம் கெடுவதற்கு மிகப் பொதுவான காரணம் இடது பக்கம் ஏற்கெனவே கெட்டிருப்பதுதான். ஆகவே வார்டில் பார்க்கும் நோயாளிக்கு இரண்டும் கலந்து இருந்தால் புத்தகம் தப்பு என்று நினைக்க வேண்டாம். ஹிஸ்டரி எடுக்கும்போது "மூச்சு வாங்குதா?" என்று மட்டும் கேட்டால் வயதானவர்கள் "இல்லம்மா" என்று சொல்லிவிடுவார்கள். "எத்தனை தலகாணி வெச்சுப் படுக்குறீங்க?" என்று கேளுங்கள். முன்பு ஒன்று, இப்போது மூன்று என்றால் ஆர்த்தாப்னியா (படுத்தால் மூச்சுத் திணறுவது) கிடைத்துவிட்டது.

ஹார்ட் ஃபெயிலியருக்குக் காரணம் எழுதும்போது மாரடைப்பு, உயர் ரத்த அழுத்தம் இரண்டையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். வால்வு நோயை விட்டுவிடுவார்கள். சின்ன வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டை வலியைச் சரியாகக் கவனிக்காமல் விட்டு, ருமாட்டிக் காய்ச்சல் வந்து, வால்வு கெட்டு, பிரசவ நேரத்தில் மூச்சுத் திணறலோடு வருகிற பெண்களை அரசு ஆஸ்பத்திரிகளில் பார்க்கலாம். நம் ஊர்த் தேர்வில் அதை எழுதாமல் வரக்கூடாது.

அல்சருக்கு வருவோம். ஊரில் யாரைக் கேட்டாலும் "காரம் தின்னு, நேரத்துக்குச் சாப்பிடாம வந்த அல்சர்" என்பார்கள். நாமும் அதைக் கேட்டே வளர்ந்ததால் பதிலிலும் முதல் வரியாக அதை எழுதிவிடுகிறோம். முதலில் வர வேண்டியவை ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற டாக்டர், தான் சொல்வதை யாரும் நம்பவில்லை என்று 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதை தெரிந்த பிறகு காரண வரிசை மாறவே மாறாது. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போட்ட மாத்திரையைப் பற்றி நோயாளியிடம் கேட்கவும் நினைவு வரும்.

கேஸ்ட்ரிக், டியோடினல் வித்தியாசத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துப் படியுங்கள். இரைப்பையில் புண் என்றால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலி. அதனால் சாப்பிடவே பயந்து இளைத்துப்போவார்கள். சிறுகுடல் தொடக்கத்தில் புண் என்றால் சாப்பிட்டதும் வலி அடங்கும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்தோ, நடுராத்திரியிலோ திரும்ப வரும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அயர்ன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் மலம் கறுக்கும் என்பதையும் மறக்காமல் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தைராய்டு சுலபம். ஹைப்போவில் (ஹார்மோன் குறைவாகச் சுரப்பது) எல்லாம் மந்தம்: எடை கூடும், குளிர் தாங்காது, மலச்சிக்கல், நாடித் துடிப்பு குறைவு, தோல் வறட்சி. இதை ஒழுங்காகப் படித்துவிட்டு அப்படியே திருப்பினால் ஹைப்பர் (அதிகமாகச் சுரப்பது). ஆனால் திருப்பிப் போடும் வித்தை இரண்டு இடங்களில் காலை வாரும். கழுத்துக் கட்டி இரண்டிலும் வரலாம். கண் பிதுங்குவது, ஹைப்பருக்குக் காரணமான கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பு சக்தி கண்ணுக்குப் பின்னால் உள்ள திசுக்களைத் தாக்குவதால் வருவது; அதற்கு எதிர்ப்பதம் எதுவும் ஹைப்போவில் இல்லை.

மஞ்சள் காமாலையை ஒரு நோய் என்று எழுதாதீர்கள். அது அறிகுறி. பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ரத்தத்தில் ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. ரத்த அணுக்கள் அதிகம் உடைந்ததா, கல்லீரல் கெட்டதா, பித்தம் இறங்கும் குழாய் அடைத்ததா? நோயாளியிடம் இரண்டு நிறங்களைக் கேட்டால் போதும். மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரித்தால் அடைப்பு. மலம் வெளுக்காமல் ரத்தசோகையும் சேர்ந்திருந்தால் அணுக்கள் உடைவதை நினையுங்கள். கல்லீரல் அழற்சியில் வாந்தி, பசியின்மை, காய்ச்சல் எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். கூடவே, நாட்டு மருந்து ஏதாவது குடித்தார்களா என்றும் கேளுங்கள். கீழாநெல்லி குடிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வருகிற காமாலை நோயாளி நம் பக்கம் அபூர்வம். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். கேட்டு, எழுதி, டாக்டரிடம் சொன்னால் போதும்.

காய்ச்சல்களை மட்டும் பிரித்து ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி இருக்கும். அவற்றை எழுதி என்ன பயன்? ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கிற அடையாளத்தை மட்டும் எழுதுங்கள். டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் வலி. உண்ணிக் காய்ச்சலில் (ஸ்க்ரப் டைஃபஸ்) சிகரெட் சுட்டது போன்ற கறுப்புத் தழும்பு, பெரும்பாலும் அக்குள், இடுப்பு மடிப்பு போல நாம் பார்க்காத இடங்களில். எலிக் காய்ச்சலில் கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும். மலேரியாவில் நடுக்கம், சூடு, வியர்வை என்ற வரிசை. டைஃபாய்டில் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும் காய்ச்சல். டெங்குவில் இன்னொன்றும் முக்கியம். காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசிவது அப்போதுதான். "ஜுரம் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று கிளம்புகிறவர்களிடம் வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, சோர்வு பற்றிச் சொல்லி அனுப்ப வேண்டியது நாம். ஹெல்த் எஜுகேஷன் கேட்டால் இதைத்தான் எழுத வேண்டும்.

விடைத்தாளுக்கு ஒரு வார்த்தை. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் நீளமாக எழுதத் தடுமாறுவோம். ஃப்ளோ சார்ட்டுக்கு இலக்கணம் தேவையில்லை. காரணத்தில் தொடங்கி, அம்புக்குறி போட்டு, கெட்டுப்போன இடம் வழியாக அறிகுறியில் கொண்டுபோய் முடியுங்கள். காரணங்களில் மாற்றக்கூடியவை, மாற்ற முடியாதவை என்று பிரியுங்கள். அறிகுறிகளை உறுப்பு வாரியாக எழுதுங்கள். நோயாளி சொல்வது, நாம் பார்த்துக் கண்டுபிடிப்பது இரண்டையும் கலக்க வேண்டாம். இவ்வளவு செய்தால் கையெழுத்து சுமாராக இருந்தாலும் மதிப்பெண் விழும்.

பிராக்டிகலுக்குக் கேர் ஸ்டடி எழுதும்போது புக் பிக்சர் (புத்தகம் சொல்வது), பேஷண்ட் பிக்சர் (நம் நோயாளியிடம் இருப்பது) என்று இடது, வலதாக இரண்டு பத்தி போடுவோம். பலரும் இடதில் இருப்பதை வலதிலும் காப்பி அடிக்கிறார்கள். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் விரல் வைப்பது அங்கேதான். மாரடைப்பு நோயாளிக்கு நெஞ்சு வலியே வரவில்லை, வியர்வையும் மூச்சுத் திணறலும்தான் என்றால் வலது பக்கம் "இல்லை" என்றே எழுதுங்கள். ஏன் இல்லை என்று கேட்பார்கள். நோயாளிக்குப் பல வருடமாகச் சர்க்கரை, வலியைக் கடத்தும் நரம்பு மழுங்கியிருக்கலாம் என்று சொன்னால் வைவா (வாய்மொழித் தேர்வு) அந்த இடத்திலேயே நம் பக்கம் திரும்பிவிடும்.

படித்து முடித்து அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்குப் போகிறவர்கள் இதையே தலைகீழாகப் படிக்க வேண்டும். அங்கே அறிகுறியைக் கொடுத்து நோயைக் கேட்பார்கள், அல்லது முதலில் என்ன செய்வீர்கள் என்பார்கள். சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடவில்லை. வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழ். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாய் வழியாக எதுவுமே கூடாது, ரத்தக் குழாய் வழியாக (ஐ.வி.) டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். நான்கு விடைகளில் ஒன்று கட்டாயம் ஆரஞ்சு ஜூஸாக இருக்கும். கேள்வியில் நோயாளிக்கு நினைவு இருக்கிறதா என்று பார்த்த பிறகு அதைத் தொடுங்கள்.