திரும்பி வரும் மாவுப் பாக்கெட்டுகள்

மதுரை செல்லூரில் இட்லி மாவு அரைத்து, சுற்றியுள்ள 14 மளிகைக் கடைகளுக்கு நாள்தோறும் மாலை 4 மணிக்குள் போட்டு வருகிறேன். அரைப்பதைவிட எனக்குக் கடினமாக இருந்தது, எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட் என்ற கணக்குதான். மாவுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. ஃபிரிட்ஜில் வைத்தால் அந்த வேலை மெதுவாகுமே தவிர நிற்காது. அதனால் இன்று விற்காத பாக்கெட், நாளை மறுநாள் உப்பிக்கொண்டு என்னிடமே வந்து சேரும்.

தொடக்கத்தில், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் முழு விலையையும் கழித்துக்கொள்வதாக எல்லாக் கடைகளுக்கும் சொல்லியிருந்தேன். நான் 35 ரூபாய்க்குக் கொடுப்பதை அவர்கள் 40 ரூபாய்க்கு விற்கிறார்கள். எனக்கு அடக்கவிலை 27 ரூபாய். விற்காமல் போனாலும் கடைக்காரருக்கு நட்டமில்லை என்பதால், 30 விற்கும் கடை 45 கேட்டு வாங்கியது. ஒரு பாக்கெட் திரும்பினால் எனக்கு 27 ரூபாய் போயிற்று. அதை ஈடுகட்ட நான்கு பாக்கெட்டுகளின் லாபம் தேவைப்பட்டது.

பிறகு, ரிட்டர்னே கிடையாது என்று மாற்றினேன். அது முன்னதைவிடப் பெரிய பிழை. 5 ரூபாய் லாபத்துக்காக 35 ரூபாயை இழக்கத் துணியாத அதே கடைக்காரர் 18 பாக்கெட் மட்டும் எடுத்தார். இரவுப் பலகாரத்துக்கு 7 மணிக்கு மாவு வாங்க வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள், சிலர் அங்கேயே நிலைத்துவிட்டார்கள்.

வழி காட்டியவர் கடைக்கார அண்ணாச்சி ஒருவர். "தங்கச்சி, நட்டத்துல பாதி என் தலையில விழுந்தா நான் அளந்துதான் கேப்பேன்" என்றார். இப்போது திரும்பும் பாக்கெட்டுக்குப் பாதி விலையை, அதாவது 17 ரூபாய் 50 காசை மட்டும் கழிக்கிறேன். அவருக்கு நட்டம் 17.50, எனக்கு 9.50. அன்று முதல் கடைகள் கேட்கும் எண்ணிக்கையை என்னால் நம்ப முடிகிறது.

அதோடு நோட்டில் இன்னொரு கட்டமும் சேர்த்தேன்: கடைசிப் பாக்கெட் எத்தனை மணிக்கு விற்றது? 20 வாங்கி 20 விற்ற கடையில் தேவை 20தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். மாலை 6 மணிக்கே தீர்ந்திருந்தால் அங்கே 28கூட விற்றிருக்கலாம். இரவு 9 மணிக்குத் தீர்ந்திருந்தால் 20 போதும். ரிட்டர்ன் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

சனிக்கிழமை மாலையும், இரவில் சோறு தவிர்த்துப் பலகாரம் உண்ணும் வீடுகள் மிகுந்த அமாவாசையும் கூடுதலாகக் கேட்கும் நாட்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாளில், அறிவிப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பகுதிக் கடைகளுக்குப் பாதிதான் கொடுப்பேன். கோடையில் கிரைண்டரின் சூடே புளிப்பைத் தொடங்கிவிடும் என்பதால் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, பொங்குவதற்கு முன்பே உறையில் அடைக்கிறேன். மார்கழியில் அதே மாவைச் சில மணி நேரம் வெளியே வைத்த பிறகே அனுப்புகிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு வீடுதோறும் உறவினர் வந்து தங்குவார்கள், எங்கள் பக்கம் வண்டியும் நுழையாது. ஆகவே அதற்கு முந்தைய நாள் பகலிலேயே, அண்ணாச்சியிடம் ஃபிரிட்ஜில் எத்தனை பாக்கெட்டுக்கு இடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் உளுந்து ஊறப்போடுகிறேன்.