சுகர் இருக்கா? உங்க ஈறை யாராச்சும் பாத்தாங்களா?

சுகர் வந்துட்டா கண்ணு செக் பண்ணுங்க, கிட்னி பாருங்க, பாதத்துல புண்ணு இருக்கான்னு பாருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, ஈறைப் பாருங்கன்னு மட்டும் யாரும் சொல்றதில்ல. இது எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கற விஷயம். எங்க அத்தைக்கு பல வருஷமா சுகர், மாத்திரைய மாத்தி மாத்தி குடுத்தாங்க, நடக்கச் சொன்னாங்க, சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னாங்க, அவங்களும் எல்லாம் பண்ணாங்க, ஆனா அத்தனை வருஷமும் ஈறு வீங்கி, பல்லு தேய்ச்சா ரத்தம் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு, கடைசில முன்பல்லு ஆட ஆரம்பிச்சப்புறம்தான் பல் டாக்டர்கிட்டயே போனோம். அவர் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கம்பிய விட்டு ஒவ்வொரு பல்லா அளந்துட்டு கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு சுகர் இருக்காம்மா?"

அந்தக் கம்பி அளக்கறது என்னன்னா, ஈறு பல்லோட எவ்வளவு ஒட்டியிருக்குங்கறத. நல்ல ஈறுன்னா 1லருந்து 3 மில்லிமீட்டர்தான் உள்ள போகும். அதுக்கு மேல போச்சுன்னா ஈறு பல்ல விட்டு பிரிஞ்சு ஒரு பை மாதிரி ஆயிடுச்சுன்னு அர்த்தம், அந்தப் பைக்குள்ள பிரஷ் போகாது, மவுத்வாஷ் போகாது, ஆனா பாக்டீரியா சவுகரியமா குடியிருக்கும். பல்லு மேல படியற அந்த பிசுபிசுப்பான படலத்தை எடுக்காம விட்டா எச்சில்ல இருக்கற கால்சியமெல்லாம் சேர்ந்து கல்லு மாதிரி இறுகிடும், அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு அழுத்தித் தேய்ச்சாலும் வராது, பல் டாக்டர் கருவி வச்சு சுரண்டித்தான் எடுக்கணும், அதத்தான் ஸ்கேலிங்னு சொல்றாங்க. வெறும் வீக்கமும் ரத்தமும்தான்னா முழுசா சரியாயிடும். பல்லைத் தாங்கற எலும்பு கரைய ஆரம்பிச்சுட்டா, போன எலும்பு பெரும்பாலும் தானா திரும்ப வராது, மேல போகாம நிறுத்தறதுதான் வைத்தியம். இது வலிக்காமயே நடக்கும், அதான் இதுல ரொம்ப மோசமான விஷயம்.

இதுல ஹரால்ட் லோன்னு ஒரு நார்வேக்கார பல் மருத்துவரைப் பத்தி கண்டிப்பா சொல்லணும். 1965ல அவரும் கூட இருந்தவங்களும் டென்மார்க்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஈறு நல்லா இருக்கற 12 பேர பல்லே தேய்க்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. 10 நாள்லருந்து 21 நாளுக்குள்ள அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு, மறுபடி தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல ஆச்சு, சரியாயிடுச்சு. அப்புறம் 1970ல இலங்கைல பல்லு சுத்தம் பண்ற வழக்கமே இல்லாத தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேர பாக்க ஆரம்பிச்சு 15 வருஷம் தொடர்ந்து பாத்தாரு. அதுல சுமார் 8 சதவீதம் பேருக்கு வேகவேகமா எலும்பு போச்சு, 81 சதவீதம் பேருக்கு மெதுவா போச்சு, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒண்ணுமே ஆகல. "எங்க தாத்தா பல்லே தேய்ச்சதில்ல, 80 வயசுலயும் கெட்டியா இருந்துச்சு"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல, அந்தத் தாத்தா அந்த 11 சதவீதத்துல ஒருத்தரா இருந்திருப்பாரு, ஆனா பேரனும் அப்படித்தான் இருப்பான்னு ஒரு உத்தரவாதமும் கிடையாது.

இதே லோதான் 1993ல ஈறு நோய சுகரோட ஆறாவது பாதிப்புன்னே எழுதினாரு. கண்ணு, கிட்னி, நரம்பு, பெரிய ரத்தக்குழாய், ஆறாத புண்ணு, இந்த வரிசைல அடுத்தது ஈறு. ரத்தத்துல சர்க்கரை கூடினா கிருமிய எதுத்து நிக்கற வெள்ளணுக்கள் சரியா வேலை செய்யாது, புண்ணு ஆறறது தள்ளிப்போகும், அதனால ஈறு சீக்கிரம் கெடும், இது பலருக்கும் தெரிஞ்ச பக்கம். தெரியாத பக்கம் என்னன்னா ஈறு அழற்சியால ரத்தத்துல கலக்கற சில ரசாயனங்கள் இன்சுலினோட வேலையக் கெடுக்கும், அப்ப சுகர் ஏறும், சுகர் ஏறினா ஈறு இன்னும் கெடும், இப்படியே சுத்திக்கிட்டே இருக்கும். இது வெறும் பேச்சு இல்ல, சுகர் இருக்கறவங்களுக்கு ஈறுக்குள்ள ஆழமா சுத்தம் பண்ணி வைத்தியம் பாத்தா மூணு நாலு மாசத்துல எச்பிஏ1சி, அதாவது கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சுகரக் காட்டற ரத்த டெஸ்ட் அளவு, சராசரியா 0.4 கிட்ட குறையுதுன்னு பல ஆராய்ச்சிகள சேத்துப் பாத்து சொல்லியிருக்காங்க. 0.4தானான்னு தோணும், ஆனா சுகர் மருந்து இன்னொண்ணு சேக்கலாமா வேண்டாமான்னு டாக்டர் யோசிக்கற இடத்துல அது சின்ன விஷயம் இல்லவே இல்ல. அதுக்காக மாத்திரைய நிறுத்திட்டு ஸ்கேலிங் மட்டும் பண்ணிக்கலாம்னு யாரும் எடுத்துக்காதீங்க.

அடுத்தது ஹார்ட். இங்க கொஞ்சம் நிதானமா பேசணும்னு நினைக்கறேன், ஏன்னா "பல்லு தேய்க்கலன்னா ஹார்ட் அட்டாக்"னு பயமுறுத்தற மெசேஜ் நிறைய சுத்துது. ஈறு நோய் இருக்கறவங்களுக்கு இதய நோயும் அதிகமா இருக்கு, அது உண்மை, ரத்தக்குழாய் அடைப்புகள்ல வாய்ல வாழற பாக்டீரியாவோட டிஎன்ஏவ கண்டுபிடிச்சிருக்காங்க, அதுவும் உண்மை. ஆனா ரெண்டுக்கும் சிகரெட், சுகர், வயசுன்னு பொதுவான காரணங்கள் இருக்கு. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2012ல எல்லாத்தையும் அலசிட்டு தொடர்பு இருக்கு, ஆனா ஈறு நோய்தான் காரணம்னு நிரூபணம் ஆகலன்னுதான் சொன்னாங்க. கர்ப்பிணிகள் விஷயமும் இப்படித்தான், ஈறு நோய்க்கு வைத்தியம் பண்ணா குறைப்பிரசவம் குறையும்னு எதிர்பாத்தாங்க, 2006ல வந்த பெரிய ஆராய்ச்சில குறையல, ஆனா அந்த வைத்தியத்தால தாய்க்கும் குழந்தைக்கும் பாதிப்பு இல்லன்னு தெரிஞ்சுது, அதனால மாசமா இருக்கேன்னு பல் டாக்டர்கிட்ட போகாம இருக்க வேண்டியதில்ல.

இவ்வளவு ஜாக்கிரதையா ஏன் சொல்றேன்னா பழைய கதை ஒண்ணு இருக்கு. 1900கள்ல வில்லியம் ஹண்டர்ங்கற பிரிட்டிஷ் டாக்டர் வாய்ல இருக்கற சீழ்தான் உடம்புல பல நோய்க்கும் காரணம்னு பேசினாரு, அந்த எண்ணம் பரவி மூட்டுவலிக்குக் கூட பல்ல புடுங்கினாங்க, அமெரிக்கால ஹென்றி காட்டன்னு ஒருத்தர் மனநோயாளிகளுக்கே வரிசையா பல்ல எடுத்தாரு. அதனால எவ்வளவு பேரு வேதனைப்பட்டிருப்பாங்க! அதுக்கப்புறம் வாய் வேற உடம்பு வேறங்கற மாதிரி எதிர்ப்பக்கமா ரொம்ப தூரம் போயிட்டாங்க, அதோட பாதிப்பதான் எங்க அத்தை மாதிரி ஆளுங்க அனுபவிக்கறாங்கன்னு எனக்குத் தோணுது.

படுத்த படுக்கையா இருக்கற வயசானவங்களுக்கு இது இன்னும் நேரடியான விஷயம், வாய்ல இருக்கற கிருமி எச்சிலோட மூச்சுக்குழாய்க்குள்ள போய் நிமோனியா வரலாம். பல்செட்டையும் தினமும் கழுவுங்க, ராத்திரி கழட்டி வைங்க.

சிகரெட் புடிக்கறவங்க கவனிக்கணும், நிகோடின் ரத்தக்குழாயச் சுருக்கிடும், அதனால ஈறு உள்ள கெட்டுப்போயிருந்தாலும் ரத்தம் அவ்வளவா வெளிய வராது, நல்லா இருக்குன்னு தோணும். பிபிக்கு சாப்பிடற அம்லோடிபின், வலிப்புக்கு சாப்பிடற பெனிட்டாயின் மாதிரி மருந்துகளால சில பேருக்கு ஈறு தடிச்சு வளரும், அப்படி இருந்தா மருந்து குடுத்த டாக்டர்கிட்டயே கேளுங்க.

ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடும், சந்து விழும்னு பயப்படறாங்க. அந்தச் சந்து ஏற்கனவே இருந்ததுதான், கல்லு மாதிரி இறுகின படலம் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, வீங்கின ஈறு வத்தினதும் தெரியுது, கூச்சமும் பெரும்பாலும் கொஞ்ச நாள்ல போயிடும். போறப்ப சுகர் இருக்கா, ஹார்ட்ல வால்வ் மாத்தியிருக்கா, என்னென்ன மாத்திரைன்னு எல்லாம் முன்னாடியே சொல்லிடுங்க, செயற்கை வால்வ் வச்சவங்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் குடுப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க அத தானா நிறுத்திட்டுப் போகாதீங்க, ரெண்டு டாக்டரையும் கேட்டுட்டு செய்ங்க.