டிரசர் கொடுத்த மருந்துப் போத்தல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரியின் கூரையைப் போன வாரம் இறக்கிவிட்டார்கள். போய்ப் பார்த்ததிலிருந்து மனது ஆறவில்லை.

பெரிய இடம் இல்லை. ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஓர் அறை, முன்னால் மருந்து கொடுக்கும் ஜன்னல். டாக்டர் எப்போதாவது வருவார், மற்ற நாளெல்லாம் டிரசர் என்று நாங்கள் கூப்பிடும் மருத்துவ உதவியாளர்தான். ஊசி, பால்வெட்டுக் கத்தி கிழித்த கைக்குத் தையல், வேலைக்குப் போக முடியாதவர்களுக்குச் சீட்டு, எல்லாம் அவர் கையில். 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது, ஆனால் எங்கள் ஜனங்களுக்குக் கடைசி வரை அவர் டிரசர்.

போத்தலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மருந்தை ஊற்றி, வெள்ளைத் தாளின் ஓரத்தை வெட்டு வெட்டாக நறுக்கி, பசை தடவி ஒட்டித் தருவார். ஒரு வெட்டு ஒரு வேளை. படிக்கத் தெரியாத என் பாட்டி அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்துத்தான் தாத்தாவுக்கு மருந்து ஊற்றுவாராம்.

இந்த ஆஸ்பத்திரிகள் துரைமார் மனது இளகிக் கட்டியவை அல்ல, சாவும் சட்டமும் சேர்ந்து கட்ட வைத்தவை. காட்டை அழித்து ரப்பர் போட்ட காலத்தில் மலேரியாவில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கிள்ளானில் 1901 முதல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடிய வைத்துக் காய்ச்சலைக் குறைத்தார், ஆனால் அந்த வழி மலையோரத் தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே நோயைப் பரப்பும் கொசு, காடு வெட்டியதும் வெயில் பட்ட தெளிந்த ஓடைத் தண்ணீரில்தான் பெருகும். அதனால் ஓடைத் தண்ணீரை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார்கள், எண்ணெய் தெளித்தார்கள், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டில் நிற்கும்போதே கொயினா என்ற காய்ச்சல் மருந்தைக் கொடுத்தார்கள். அந்தக் கசப்பைச் சொல்லும்போது பாட்டி கிழவியான பிறகும் முகம் சுளிப்பார்.

இப்போது டவுனில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்), சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கிடைக்கும், மோசமானால் ஈப்போவுக்கு அனுப்புவார்கள். நல்ல சேவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடியுரிமை கிடைக்காத கிழவிகளிடம் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பதுதான் நெஞ்சை அறுக்கிறது, இங்கேயே பிறந்து இங்கேயே மரம் சீவியவர்கள் அவர்கள். அப்புறம், அந்த நாளில் மாத்திரை வாங்க வரவில்லையென்றால் டிரசர் நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்கே வந்து கதவைத் தட்டுவார். இப்போது தட்ட ஆளில்லை.

பழைய லயத்தில் இன்னும் இருக்கும் ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் புண், இரண்டு வாரமாக ஆறவில்லை, கூட்டிப் போக ஆளில்லாமல் இருந்திருக்கிறார். வியாழக்கிழமை காலை நானே காரில் அழைத்துப் போகிறேன்.