ஓகே அண்ணே

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் வேலை போன வருடம் என் தலையில் விழுந்தது, கம்ப்யூட்டர் தெரியும் என்று எங்கேயோ வாயை விட்டதன் பலன். புதிதாக எதற்கு அடிக்க வேண்டும் என்று முந்தின வருட மேட்டரையே எடுத்து, தேதிகளை மட்டும் மாற்றி ஹட்டனில் ஒரு பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். அவர்கள் சரிபார்க்கச் சொல்லி வட்ஸ்அப்பில் ப்ரூஃப் போட்ட நேரம் நான் மஸ்கெலியா பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். அம்மன் படம் பளிச்சென்று இருந்தது. "ஓகே அண்ணே" என்று தட்டிவிட்டேன்.

1000 நோட்டீஸ் வந்தது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒன்றை ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அக்கா கேட்டார், "தம்பி, பால்குடம் சனிக்கிழமையா, இல்ல திங்கக்கிழமையா?"

எங்கள் திருவிழா பௌர்ணமியை ஒட்டி வருவதால் கிழமை வருடா வருடம் மாறும். நான் தேதியை மாற்றினேன், கிழமையை அப்படியே விட்டுவிட்டேன். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் கிழமையைப் பார்த்துத்தானே லீவு போடுவார்கள்!

பிரஸ்காரரைக் குறை சொல்ல முடியாது, ஓகே போட்டது நான். ஆஃப்செட் அச்சில் செலவெல்லாம் முன்னாலேயே போய்விடுகிறது. கலர் வேலைக்கு மைக்கு ஒன்றாக நாலு பிளேட், அதை மெஷினில் ஏற்றி மை சரிபார்ப்பதற்குள் கொஞ்சம் பேப்பர் வீண். அதனால்தான் முதலிலேயே 100 பிரதி கூடக் கேட்டால் சில்லறைக் காசு, பிறகு திருத்தி அடிக்கச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து கணக்கு. அச்சு ஓடுவதற்கு முன் பிடித்திருந்தால், எழுத்து தனிக் கறுப்பில் இருந்தால், கறுப்பு பிளேட் ஒன்றை மாற்றினால் போதும். எங்கள் எழுத்தோ சிவப்பும் மஞ்சளும் கலந்தது, அழகுக்கு.

அது செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளக் கணக்கில், பிடித்த கோயில் சந்தாக் காசு. மறுபடி அடிக்கக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சரி என்று என் காசில் சின்ன ஸ்டிக்கர் அடித்து, லயத்து வரிசை வீட்டுப் பையன்கள் நாலு பேரோடு உட்கார்ந்து இரண்டு ராத்திரி ஒட்டினோம்.

இப்போது ப்ரூஃபை ஃபோனில் பார்ப்பதே இல்லை. தாளில் எடுத்து, கலண்டரைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தேதியையும் விரலால் தொட்டுப் பார்ப்பேன், ஃபோன் நம்பரை உண்மையிலேயே டயல் செய்வேன். நாம் யூனிகோடில் சரியாக அனுப்பியதும் பிரஸ்ஸில் பாமினி என்கிற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது உடையலாம், கொம்பும் ஸ்ரீயும்தான் எனக்கு முதல் சந்தேகம். உபயகாரர் பெயர்கள் தனிக்கதை. கிழமை தப்பினால் மன்னிப்பார்கள், இனிஷியல் தப்பினால் அடுத்த வருடம் வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

முக்கியமாக, அடித்தவன் கண்ணுக்குப் பிழை தெரியாது. அது அங்கே இருக்கவேண்டியதைத்தான் படிக்கும். ரிட்டயர்ட் ஆன ஒரு சாரிடம் கொடுக்கிறேன், அவர் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போவார்.

இந்த வருட ப்ரூஃப் இப்போது அவரிடம்தான் இருக்கிறது. பிரஸ்ஸிலிருந்து காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார்கள், ஓகேயா தம்பி என்று. இன்னும் பதில் போடவில்லை.